அந்த மாத்திரையைப் போடுவதற்கு முன்

மணமேல்குடி,
செவ்வாய் இரவு.

அன்பு மகன் அரவிந்துக்கு அம்மா எழுதுவது. மணி பன்னிரண்டு ஆகப்போகிறது, இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள் சாமி. இங்கு நானும் அப்பாவும் தேவிப்ரியாவும் நன்றாக இருக்கிறோம், உனக்குக் காய்ச்சல் இறங்கி ஒரு வாய் சோறு ருசித்துச் சாப்பிட்டாய் என்று கேட்டால் இன்னும் நன்றாக இருப்போம். தேவிக்கு அரையாண்டுப் பரீட்சை முடிந்துவிட்டது, உன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுகிறாள். இரண்டு நாளாகக் காற்று, படகு எதுவும் போகவில்லை, கருவாட்டுக் குழம்புதான் வைத்தேன். அது அடுப்பில் கொதிக்கும்போதுதான் நீ ஒடிசாவிலிருந்து போன் பண்ணினாய். மலேரியாவுக்கு மூன்று நாள் மாத்திரை முடிந்தது, கிருமி ஈரலில் தங்கிவிடாமல் இருக்க நாளைக் காலையிலிருந்து பதினாலு நாளைக்கு வேறொரு மாத்திரை என்றாய். பேரைக் கேட்டேன், ப்ரைமாகுயின் என்றாய். அதைப் போடாதே என்று நான் கத்தியதற்கு, எங்கம்மா பி.எஸ்சி. சுவாலஜின்னு இங்க டாக்டருக்குத் தெரியாதும்மா, தெரிஞ்சா பயந்துருவாரு என்று சிரித்தாய், அதோடு லைன் போய்விட்டது. அப்போதிருந்து உன் போன் அணைந்தே கிடக்கிறது. காலையில் திறந்ததும் இதுதான் முதலில் கண்ணில் பட வேண்டும் என்று பேப்பரில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். போனில் தட்டினால் பாதியில் மனசு மாறி அழித்துவிடுவேன்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது காமாலை வந்ததும், பிறந்த பிள்ளை எல்லாவற்றுக்கும் வருவதுதான் என்று நான் சொன்னதும் உனக்குத் தெரியும். அது முழு உண்மையில்லை. எனக்குக் கல்யாணம் ஆனபோது டிகிரியில் கடைசி வருடம் பாக்கி இருந்தது. உன்னை ஏழு மாதம் வயிற்றில் வைத்துக்கொண்டு அறந்தாங்கியில் பஸ் மாறிப் புதுக்கோட்டைக்குப் போய் மாடல் பரீட்சை எழுதினேன். ஷர்லி மேடம் என் பெஞ்சை ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போட்டுவிட்டு, உள்ள இருக்கறவனுக்கும் சேத்து எழுது, ரெண்டு பேரும் பாஸாகணும் என்றார். அன்றைக்கு நொதிகளைப் பற்றிப் பத்து மார்க் கேள்வி. நம் தோப்பில் அப்பா தேங்காய் உரிக்க நட்டு வைத்திருக்கும் பாரையை நினைத்துக்கொண்டு எழுதினேன். பாரை தேங்காயோடு சேர்ந்து போவதில்லை, ஒன்றை உரித்ததும் அடுத்ததற்குத் தயாராக அங்கேயே நிற்கிறது, அது இல்லாமல் கையால் பிய்த்தால் ஒரு காய்க்கே ஒரு பொழுது போய்விடும். நொதியும் அப்படித்தான், உடம்பில் நாள்கணக்கில் ஆக வேண்டிய வேலையைக் கண் மூடித் திறப்பதற்குள் முடித்துக் கொடுத்துவிட்டுத் தான் கரையாமல் நிற்கும், ஒவ்வொன்றும் தனக்கென்று உள்ள பொருளைத்தான் பிடிக்கும், பாரையில் பலாப்பழம் உரிக்க முடியாதில்லையா. பத்துக்கு ஒன்பது போட்டார் மேடம். அந்த பஸ், அந்த ஃபேன் காற்று, வயிற்றில் நீ உதைத்த உதை, எல்லாம் இன்றைக்கு உட்கார்ந்து நினைக்க நினைக்க வருகிறது.

நம் வீட்டில் தலைப்பிள்ளைக்குத் தாயின் கூறைப்புடவையில்தான் தொட்டில் கட்டுவது. அந்தப் புடவையை டிரங்குப் பெட்டியில் வைத்தது நான்தான், நாலு பாச்சை உருண்டை போதும், ஒரு பாக்கெட்டையே கொட்டியிருந்தேன். பதினாறாம் நாள் நல்லநேரம் போய்விடும் என்ற அவசரத்தில் எடுத்த கையோடு வெயிலில்கூடக் காட்டாமல் கட்டிவிட்டார்கள். நீ அதில் என்ன சுகமாகத் தூங்கினாய் தெரியுமா, அரக்குச் சிவப்புக்குள் உன் கால் மட்டும் வெளியே தெரியும், நான் அதையே பார்த்துக்கொண்டு இருப்பேன். இரண்டே நாளில் கண் மஞ்சள், மூத்திரம் கடுங்காப்பி நிறம். தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் உன்னை மோந்து பார்த்துவிட்டு, பாச்சை உருண்டை வச்ச துணியா என்றார். ரத்தம் ஏற்றித்தான் உன்னைத் திருப்பிக் கொடுத்தார்கள். உன் உடம்பில் ஜி6பிடி என்ற நொதி குறைவு, ரத்தத்தின் சிவப்பணுக்கள் கெட்டுப்போகாமல் காப்பதற்கு அதுதான் வேண்டும். இருக்கிறது, ஆனால் மழுங்கிய பாரை. அன்றாடம் வரும் பத்துக் காயைச் சமாளித்துவிடும், பாச்சை உருண்டையோ நீ சொன்ன அந்த மாத்திரையோ உள்ளே போனால் ஒரே நாளில் லாரி லோடு வந்து இறங்கிய மாதிரி, ஈடுகொடுக்க முடியாமல் அணுக்கள் உடைந்து கொட்டும்.

இது தாய்வழியாகப் பையனுக்கு வருவது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே உன் அத்தை அமுதவல்லி, எங்க வம்சத்துல இப்புடி ஒரு காமாலையப் பாத்ததில்லையே, எங்கிட்டிருந்து வந்துச்சோ என்று பெஞ்சில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மீமிசலில் என் தம்பி நாகராசுக்குச் சின்ன வயதில் இதே மாதிரி வந்தது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இருபத்தொரு வயது எனக்கு. என்னென்ன மருந்து கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கார்டை என் ரெக்கார்டு நோட்டுக்குள் செருகிவிட்டு, பாச்சை உருண்டை ஒத்துக்காத உடம்பு என்று மட்டும் எல்லோரிடமும் சொன்னேன், உன்னிடமும் அதையே சொன்னேன். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் டாக்டர் ரூமுக்குள் நான் கூடவே நுழைந்தது அதனால்தான், பத்தாவது படிக்கும்போதுகூட, வெளியில நில்லும்மா, பசங்க பாக்குறாங்க என்று சிணுங்குவாய். நீ ஒடிசாவுக்குக் கிளம்பிய அன்று திருச்சி ஸ்டேஷனில் சொல்லிவிடலாம் என்று வந்தேன், பக்கத்தில் அத்தை நின்றார், முறுக்கு டப்பாவை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

உன் லைன் கட்டானதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர், இம்புட்டு வருசமும் எங்கக்கா வாய்க்குப் பயந்தா புள்ளைக்கிட்ட மறைச்ச, கிறுக்கச்சி, மொதல்ல அவனுக்கு எழுது என்றார். இப்போது கார்டை லைட்டுக்கடியில் பிடித்துப் பிடித்துப் போட்டோ எடுக்கிறார், எல்லாவற்றிலும் அவர் கட்டைவிரல்தான் விழுகிறது.

கார்டு இங்கிலீஷில் இருக்கிறது, மாத்திரைக்கு முன்னால் டாக்டரிடம் காட்டு, வாயாலும் சொல். நீ சொல்லாமல் அவருக்குத் தெரிய வழியில்லை, அவர் மேல் குற்றமில்லை. மலேரியாவை வைத்தியம் பார்க்காமல் விடச் சொல்லவில்லை, அங்கேயும் ரத்தம் சோதித்து எதைக் கொடுக்கலாம் என்று அவரே முடிவு பண்ணட்டும். ஒருவேளை ஒன்று போட்டிருந்தால் அதையும் மறைக்காதே, மூத்திரம் கறுத்தாலும் மூச்சு வாங்கினாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. தேவியையும் வியாழக்கிழமை சோதனைக்குக் கூட்டிப்போகிறோம். என் மேல் கோபம் வந்தால் வரட்டும், ஊருக்கு வந்து எதிரில் நின்று திட்டு, கேட்டுக்கொள்கிறேன். பிரகதாம்பாள் உன் ரத்தத்தில் ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
சிவரஞ்சனி

போனைத் திறந்ததும், மாத்திரை இன்னும் போடவில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பு.