சும்மாதான் ஓடுறன்

வட்டுக்கோட்டை
22.2.1992

அன்புள்ள மகள் வதனிக்கு,

உன் அப்பாவும் நானும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். மார்கழியில் நீ எழுதிய கடிதம் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் போன கிழமைதான் கிடைத்தது. மாடிக்கட்டிடத்தின் கீழறையில் ஓட்ட மெசினில் ஓடி அலுத்துவிட்டது, பனி கரைந்ததும் வெளியே ஓடப்போகிறேன், கரண்ட் போனபிறகு நீங்கள் தெருவில் ஓடுவதாக அப்பா எழுதியிருந்தார், எப்படி மாறினீர்கள் சின்னம்மா என்று கேட்டிருக்கிறாய். நல்ல நேரத்தில் கேட்டாய். இந்தக் கிழமை முழுவதும் எனக்கு மனிதர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது, உனக்கு எழுதினால் கொஞ்சம் குறையும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். மெசின் காலுக்குக் கீழே தானாக ஓடும், நாம் விழாமல் இருந்தால் போதும். தரை அப்படி உதவாது, உடம்பை நாமே தள்ளிக்கொண்டு போகவேண்டும். அப்பா தன் சீனி வருத்தத்துக்கு நடக்கவென்று பஹ்ரெயினிலிருந்து கொண்டுவந்து, பிறகு துவாய் காயப்போட்ட மெசினில் நீயும் நானும் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு ஓடினோமே, அந்தப் பழக்கத்தை நம்பி முதல்நாள் ஒழுங்கையில் இறங்கினேன். கோயில் கேணிவரைகூடப் போகவில்லை, மூச்சிரைத்து வேலியைப் பிடித்துக்கொண்டு சத்தியெடுத்தேன். மெசினில் வேகத்தை ஒரு பொத்தான் பார்த்துக்கொண்டது, வெளியே வெட்கம் பார்த்துக்கொள்ளும், யாரும் காணுமுன் ஓடித் தப்பிவிடச் சொல்லும். அதன் சொல்லைக் கேளாதே. பக்கத்தில் ஒருவரோடு கதைக்கக்கூடிய அளவுக்கு மெதுவாக ஓடு, மூச்சு முட்டினால் நட, பிறகு ஓடு. தார் றோட்டில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நோகும், மண் கரையால் போ. முதலில் எதிர்காற்றில் போய், களைத்தபிறகு காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பு.

இனி என் வயிற்றெரிச்சல். விடியற்காலையில் சோட்டிக் கவுனுக்கு உள்ளே அப்பாவின் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வயல் றோட்டில்தான் ஓடிவந்தேன். அதற்கும் சந்தியைத் தாண்டவேண்டும். வெற்றிலை துப்பிச் சிவந்த மதில், அதில் சாய்ந்து நிற்கும் ஆண்கள், அவர்கள் தொண்டையைச் செருமும் சத்தம். கனடாவுக்கு ஓடியே போகப்போறியளோ அக்கா என்பான் ஒருவன், புருசன் துரத்துறானாக்கும் என்பான் மற்றவன். அந்தத் துப்பலை மிதித்தால் காலைக் கழுவலாம், அந்தக் கண்களை எங்கே கழுவுவது. ஆனாலும் போனேன். உன்னைவிட அதிகம் மூப்பில்லாத நான் உன் அம்மா இறந்தபின் இந்த வீட்டுக்கு வந்தபோது, என்னோடு முதலில் சிரித்தவள் நீ, அந்த மெசின் அறையில்தான். நீ போனபிறகு, ஓடும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டுமே யாருக்கும் நான் பதில் சொல்லத் தேவையில்லாத நேரம். அது இல்லாவிட்டால் நான் சமைக்கிற சாமான்களில் ஒன்றாகிவிடுவேன்.

போன செவ்வாய் வயல் றோட்டில் வண்டில் ஒன்று புதைந்து வழியை மறித்துக் கிடந்தது, வீடுகள் நெருங்கிய ஒழுங்கையால் திரும்பினேன். காற்று இதமாக இருந்தது, கொஞ்சம் வேகமாகவே ஓடிவிட்டேன். இங்கே ஒருவர் ஓடினால் குண்டு போடப் பொம்மர் வருகிறது என்றுதான் சனம் நினைக்கும், அது என் புத்திக்கு எட்டவில்லை. முற்றம் கூட்டிக்கொண்டிருந்த குணலட்சுமி அக்கா என்னைக் கண்டதும் ஐயோ வாறான் என்று கத்தி விளக்குமாற்றோடு பங்கர்க் குழிக்குள் பாய்ந்தா. அவ பாய அடுத்த வீடு பாய, அதற்கடுத்த வீட்டில் கஞ்சியை அடுப்பில் விட்டுவிட்டுப் பாய, அவர்கள் பாய்வதைக் கண்ட நானும் பொம்மர்தான் என்று நம்பி வேலிக்கரையில் விழுந்து படுத்தேன். வானத்தில் ஒரு காகம்கூட இல்லை. எல்லோரும் எழும்பியபோது குணலட்சுமி அக்காவின் மணிக்கட்டு முறிந்து தொங்கியது. சந்தி ஆண்கள் எல்லாம் வந்து கூடி நியாயம் பிளந்தார்கள், ஒருவனாவது கைகொடுக்கவில்லை. நான்தான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் முறிவு கட்டுவித்தேன்.

அன்று பின்னேரம் வாசிகசாலைத் தலைவர் தியாகலிங்கம் வந்தார். அந்த வாசிகசாலையில் பெண்கள் இருந்து வாசிப்பது அழகில்லை என்று அப்பா மூலம் எனக்குப் புத்தகம் அனுப்புகிறவர். நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, என் முகத்தைப் பாராமல், தம்பி உம்மடை மனிசி ஓடுறது சனத்துக்கு இடைஞ்சல், நாளைக்கு ஒராள் செத்தால் ஆர் பொறுப்பு, அதோடை பொம்பிளை ஓடுறது பார்க்க வடிவே என்றார். கை முறிந்தவளுக்காகத்தான் வந்தாராம், அவளுடைய பெயர் அவருக்குத் தெரியவில்லை. உன் அப்பா தலையை ஆட்டி, ஓம் அண்ணை, இனி ஓடமாட்டா என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் குடித்த பேணியைச் சாம்பல் போட்டு மூன்றுதரம் கழுவினேன்.

மறுநாள் முட்டை கொண்டு குணலட்சுமி அக்காவைப் பார்க்கப் போனேன், இனி ஓடவில்லை என்று சொன்னேன். ஏனடி விசரி, ஓடு, ஆனால் பேய் மாதிரிச் சத்தமில்லாமல் வராதை, சும்மாதான் ஓடுறன் எண்டு படலைக்குப் படலை சொல்லிக்கொண்டு வா, நாங்கள் பாயாமல் இருப்பம் என்றா. உனக்கு என்னைத் தெரியும். நாலு பேர் முன் என் பெயரைச் சொல்லவே நாக்கு ஒட்டும், நான் மீன் விற்பவள்போல ஊர் கேட்கக் கூவுவதா. இரவு அப்பாவிடம், நீங்கள் கொடுத்த வாக்கை நீங்களே ஓடாமல் இருந்து காப்பாற்றுங்கள் என்றேன், அவர் அதை இன்றுவரை தவறாமல் காப்பாற்றுகிறார். வியாழன் இறங்கினேன். முதல் வீட்டுப் படலையில் குரல் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் வந்தது, என் குரலே எனக்கு வெறுத்தது. ஆனாலும் சொன்னேன், எல்லாப் படலையிலும் சொன்னேன். இன்று நான் வாய் திறக்குமுன் குணலட்சுமி அக்கா வேலிக்கு மேலால் அடுத்த வீட்டுக்கு, உவள்தான், சும்மாதான் என்றா. ஒருவரும் எழும்பவில்லை. கடைசியாகத் தியாகலிங்கத்தின் படலை. அவர் என்னைக் கண்டு காறித் துப்பினார். நின்று, மூச்சை வாங்கி, சும்மாதான் ஓடுறன் அண்ணை என்று அவருக்கும் சொல்லிவிட்டு ஓடினேன்.

கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓடு, நனைந்த உடுப்போடு குளிரில் நிற்காதே. நாயைக் கண்டால் ஓடாமல் நட. அப்பாவின் மாத்திரைக்கு ஆள் கிடைத்தால் மறவாமல் கொடுத்துவிடு. உன் உடம்பும் மனமும் உனக்குச் சொந்தமாகவே இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

உன் சின்னம்மா,
தவமலர்