புத்தகத்துக்கு வாங்கிய கமரா

டக்சாயினி பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, கடலுக்குப் போயிருந்த புருசனுக்குக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள்.

“இஞ்சாருங்கோ, உங்கட கமராவை மாத்தக் கடைக்குப் போறன். மதலேனா அக்காட பழைய கோயில் பாட்டுப் புத்தகத்தைப் படமெடுக்க மலிவான சின்னக் கமரா போதும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்? நீங்கள் தூரத்துக் கப்பலைக் கிட்டக் காட்டுறதை வாங்கி வந்திருக்கிறியள். மேசையில கிடக்கிற எழுத்து அதில மங்கலாத் தெரியுது. அவா புத்தகத்தைக் கேட்டு வந்தா, நாளைக்குத் தாறம் எண்டு சொல்லுங்கோ. தாள் உதிருது; படமெடுக்காமக் குடுத்தா அந்தப் பாட்டுகள் போச்சு. மீன்குழம்பு குசினியில மூடியிருக்கு.”

கோபம் ஆறாமல் கதவுவரை போனவள், திரும்பி வந்து அடியில் நெருக்கி எழுதினாள்.

“பிழையாச் சொல்லிவிட்டது நான் எண்டுதான் கடையில சொல்லுவன். உங்களைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கக் கூடாது.”