பன்னல் அட்டை

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

இல்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மூன்று வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ முதலில் அப்படித்தான் பதறியிருப்பாய்.

சந்தோஷம் தாங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். அகராதி அலுவலகத்தில் என் பங்குக்கு வந்த சொல் 'பன்னல்'. பழைய நிகண்டில் அது பருத்தி. வேறோரிடத்தில் பேச்சு. இன்னோரிடத்தில் ஆராய்தல். செடியிலிருந்து பஞ்சு வேலைக்குப் பெயர் வந்ததா, வேலையிலிருந்து செடிக்கா? யாருக்கும் தெரியவில்லை. பஞ்சைப் பிரித்து மிருதுவாக்குவது 'பன்னுதல்' என்றும் ஒரு வரி. அதன் ஓரத்தில் ஆசிரியரின் சிவப்பு மை: 'வழக்கிழந்தது'.

நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். உன் மெத்தைப் பட்டறையில் தினமும் சொல்கிறீர்களே!

ஒரு பொருள் உயிரோடு இருக்கிறது என்று காட்ட, அதைப் பேசுகிறவர் கையெழுத்திட்ட அட்டை வேண்டும். நிரப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து மட்டும் போடு. பன்னிரண்டாம் தேதி அச்சு.

உன் தங்கை


மார்ச் 7

வாயாடிக்கு,

நாங்க நல்லா இருக்கோம். நீ கேக்கல, நானே சொல்லிக்கிறேன்.

உன் வார்த்தைக்கு ஒண்ணும் ஆகல. நேத்துகூட புதுசா சேர்ந்தவர்கிட்ட, "நல்லா பன்னிட்டு உள்ள அடைங்க"ன்னேன். "யாரைப் பன்னிங்கறீங்க?"ன்னு முறைச்சார். பட்டறையே சிரிச்சுது.

அட்டையைப் படிச்சேன். 'சொன்னவருடன் உறவு'ங்கற கட்டத்துல உன் கையெழுத்துல 'இல்லை'ன்னு இருக்கு. சொல்லாம கொள்ளாம வீட்டை விட்டுப் போனப்பகூட நீ இப்படி எழுதி வைக்கல.

கையெழுத்துப் போட்டிருக்கேன். வார்த்தை பாவம், அது என்ன பண்ணுச்சு.

அக்கா (இப்படிப் போடலாம்ல?)


மார்ச் 11

அக்கா,

சொந்தக்காரர் சாட்சி செல்லாது என்பது இங்கே விதி. அந்த 'இல்லை' அதற்காகத்தான். எழுதும்போது கை கூசவில்லை. இப்போது அதுதான் பயமாக இருக்கிறது.

காலையில் 'இல்லை'யை அடித்துவிட்டு 'உடன்பிறந்த அக்கா' என்று எழுதி ஆசிரியரிடம் நீட்டினேன்.

"அப்ப இது செல்லாதேம்மா. நாளைக்கு அச்சு. வேற சாட்சிக்கு நேரமும் இல்ல."

"தெரியும் சார்."

"ஒரு வாரமா இதுக்காகக் குதிச்சியே?"

"இப்பவும் குதிச்சுட்டுதான் சார் இருக்கேன்."

பருத்தி அச்சாகும். பேச்சு அச்சாகும். பன்னுதல் மட்டும் செத்ததாக அச்சாகும். அதே நேரம் அங்கே ஆறு பேர் உட்கார்ந்து பன்னிக்கொண்டிருப்பீர்கள்!

உன் தங்கை

பி.கு.: இதைத் தபாலில் போடவில்லை. இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். உன் ஊர் பஸ்ஸில் ஏறி டிக்கெட் எடுத்தேன்.