பாரதியைப் போல நடித்தவளுக்கு

குரும்பகரம்,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள நீலாயதாட்சிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் சுகத்தை நான் கேட்கப் போவதில்லை, அதைத்தான் ஊரே செல்போனில் பார்க்கிறதே. போனில் சொன்னால் பாதியில் அழ ஆரம்பித்து என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான் கடிதம். நாமெல்லாம் நியூ ஜெர்சியில் இருந்தபோது சனிக்கிழமை சனிக்கிழமை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ் மறந்துபோயிருந்தாலும் எழுத்துக் கூட்டி நீயே படி, யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. இங்கே மழை பிடித்துக்கொண்டது. நட்ட வயலில் தண்ணீர் நிற்கிறது, வடியவிட அப்பா போகவில்லை. ரோட்டில் யாராவது உன்னைப் பற்றி விசாரித்துவிடுவார்களோ என்று வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்.

உன் அக்கா பாரதி வந்துவிட்டாள், பெட்டியோடு. வரிச்சிக்குடியிலிருந்து மாப்பிள்ளை குணசேகரன்தான் காரில் கொண்டுவந்து கேட்டருகே இறக்கிவிட்டார். அவர் இறங்கவில்லை, காபி சாப்பிடுங்கள் என்று நான் சொன்னதும் காதில் விழாதது போலக் கிளம்பிவிட்டார். காரணம் நீதான். நீ அந்தத் தொடரில் வலிப்பு வருகிற பெண்ணாக நடித்தாய், அமெரிக்காவே எழுந்து நின்று கைதட்டியது. அப்பா தலைகால் புரியாமல் சம்பந்தி வீட்டுக்கெல்லாம் போன் செய்து, என் சின்ன மகளைப் பாருங்கள் என்றார். பார்த்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். இவ்வளவு தத்ரூபமாக எப்படி என்று பேட்டியில் கேட்டதற்கு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்ன வயதில் என் அக்காவைப் பார்த்துத்தான் என்றாய். யாரோ அதற்குத் தமிழில் எழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள், அதுவும் வரிச்சிக்குடிக்குப் போய்ச் சேர்ந்தது.

கல்யாணத்துக்கு வெகுநாள் முன்பே அவளுக்கு வலிப்பு நின்றுவிட்டது, மாத்திரையில் நன்றாக இருந்தாள், அமெரிக்காவில் நடந்தது இங்கே ஒருவருக்கும் தெரியாது. மறைத்தது தப்பு என்று உன் சிநேகிதிகள் சொல்வார்கள், சொல்லட்டும், அவர்கள் யாரும் இங்கே பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போவதில்லை. அப்பா போய்க் கைகூப்பி நின்றார். சம்பந்தியம்மாள் உட்காரக்கூடச் சொல்லாமல், "சின்னவங்க நடிக்கிறதுக்குக் காசு வாங்குறாங்க, நீங்க மூணு பேரும் எங்க வீட்ல சும்மாவே நடிச்சிட்டீங்களேங்க" என்றார்களாம். அப்பா அதைச் சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்க வேண்டாம்.

பாரதி உன்மேல் கோபப்படுவாள் என்றுதானே நினைக்கிறாய்? அந்தப் பாக்கியம் உனக்கு இல்லை. அவள் தன் வலிப்பைத் தானே பார்த்தது கிடையாது, நினைவு வரும்போது நம் முகங்களைத்தான் பார்த்திருக்கிறாள். வந்த மறுநாள் கூடத்தில் உட்கார்ந்து செல்போனில் அந்தக் காட்சியைப் போட்டாள். காது மடலை இழுக்கிறாய், ஏதோ கருகுகிறது என்கிறாய், வாய் கோணுகிறது, கண் மேலே செருகுகிறது, பாவாடை நனைகிறது. முடிந்ததும் முதலிலிருந்து போட்டாள். திரும்பவும் போட்டாள். பிடுங்கப் போனேன், கொடுக்கவில்லை. "அம்மா, நான் இப்படியாம்மா இருப்பேன்?" என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். "பொய் சொல்லாதம்மா, நீலா நல்லா பாத்துவச்சிருக்கா" என்றாள். அன்றிலிருந்து கண்ணாடி முன்னால் நிற்பதில்லை, தலையைக்கூட நான்தான் வாரிவிடுகிறேன். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று பார்க்க நான் தவறிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை அடுப்படியில் விழுந்தாள். இத்தனை வருஷம் கழித்து. ஓடிப்போய் மடியில் தலையைத் தாங்கினேன். நீலா, அப்போது எனக்கு அவள் முகம் தெரியவில்லை, உன் முகம்தான் தெரிந்தது. நீ நடிக்கிறாய், இதோ எழுந்துவிடுவாய் என்று ஒரு கணம் என் கை தளர்ந்துவிட்டது. நெற்றி தரையில் மோதி மூன்று தையல். பெற்ற பிள்ளை வலிப்பில் கிடக்கும்போது அம்மாவைச் சந்தேகப்பட வைத்தாயே, அது பெரிய நடிப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன்.

விருது கொடுக்கப் போகிறார்கள் என்று அப்பா படித்துச் சொன்னார். வாங்கிக்கொள். மேடையில் அக்காவுக்கு நன்றி என்று மட்டும் சொல்லிவிடாதே, அவள் உனக்கு எதையும் கொடுக்கவில்லை. பொங்கலுக்கு வரவேண்டாம். உன் காரைப் பார்த்தால் தெருவே கூடிவிடும், அவள் கொல்லைப்பக்கம் போய் ஒளிந்துகொள்வாள். வேளாவேளைக்குச் சாப்பிடு, பட்டினி கிடந்து இளைக்காதே. அம்பகரத்தூர் அம்மனுக்கு உன் பேரிலும் சேர்த்துத்தான் அர்ச்சனை செய்தேன், பெற்றுவிட்டேனே. நன்றாக இரு, நீண்ட நாள் இரு.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். இதைப் படித்துவிட்டு அழாதே. அழுதால், அந்த அழுகையையும் எந்தக் காட்சிக்காவது எடுத்து வைத்துக்கொள்வாய்.

இப்படிக்கு,
உன் அம்மா
சி. அன்னபூரணி