சிவப்பு லிவரும் பதினான்காம் எண் சட்டையும்

மகன் யோவானிக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய், கேட்க வேண்டியதில்லை, நலமில்லாதவனால் போனில் அப்படிச் சிரிக்க முடியாது. இங்கே நானும் உன் தங்கை மைரேனியும் இருக்கிறோம். ஓகோவாவில் நாலு நாளாக மழை, மண்சாலை முழுக்கச் சேறு. பன்றி எட்டுக் குட்டி போட்டு ஒன்று போய்விட்டது. மைரேனிக்குக் கடைவாய்ப் பல்லில் வலி, டாக்டரிடம் போகச் சொன்னால் கிராம்பை அடக்கிக்கொண்டு திரிகிறாள். மாட்ரிட்டில் குளிர் என்றாயாம், தடித்த காலுறை போடு, பாதம் சில்லிட்டால் உனக்குச் சின்னதிலிருந்தே காய்ச்சல் வரும். நல்ல பேச்சு இவ்வளவுதான்.

நெரெய்டா டீச்சரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சந்தையிலிருந்து இறக்கத்தில் வரும்போது நான் பிரேக்கைத் தொடாமலே முன்சக்கரம் இறுகிப் பிடித்து வண்டி சாய்ந்தது உனக்குத் தெரியும். டீச்சருக்கு முழங்கை கிழிந்தது, இரண்டு தட்டு முட்டை ரோட்டில். மறுநாள் காலை பைக் டாக்சி ஸ்டாண்டில் தலைவர் டான் எலிஹியோ சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார், காற்றாடியாகச் சுற்றியது. வண்டியில ஒண்ணுமில்லக்கா, கோளாறு உங்க கையிலதான் என்றான் அந்தப் பப்பிட்டோ. ஆறு வருடம் இதே வண்டியை ஓட்டியவனையே கேட்போம் என்று உனக்குப் போன் போட்டு எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்கள். நீ முதலில் ஆசி கேட்டாய், ஆசீர்வாதம் மம்மி என்று. கொடுத்தேன். அந்த ஈரம் காய்வதற்குள், மம்மிக்கு இறக்கம்னாலே பயம், ரெண்டு விரல் எப்பவும் பிரேக்குலதான் இருக்கும், அவங்களுக்கு எதுக்கு இந்தத் தொழில், நான் அப்பவே சொன்னேன் என்றாய். இருபது ஆம்பிளைகள் சிரித்தார்கள், கூட நீயும் சிரித்தாய். பதினான்காம் எண் சட்டையை நானே கழற்றி டான் எலிஹியோ கையில் கொடுத்தேன். சட்டை இல்லாமல் இந்த ஊரில் ஒருவரும் பின்னால் ஏற மாட்டார்கள் என்று உனக்கே தெரியும். மூன்று வாரமாக வீட்டில் கிடக்கிறேன், வெட்கமாக இருக்கிறது, அதைவிடக் கோபம் அதிகம்.

நான் சும்மா கிடக்கவில்லை. ஆறியிருக்கும்போது நன்றாகச் சுற்றுகிற சக்கரம் சூட்டில் என்ன செய்கிறது என்று பார்க்க, சர்ச் மேடு வரை இரண்டு தடவை ஏறி இறங்கி, ஆற விடாமல் நடு ஸ்டாண்டு போட்டு முன்பக்கத்தைத் தூக்கினேன். சக்கரம் அசையவில்லை, டிஸ்க்கில் துப்பினால் சுர்ரென்றது. டிஸ்க்கைக் கவ்வுகிற காலிப்பரில் ஏர் எடுக்கிற திருகை லேசாகத் திறந்தேன், பிரேக் ஆயில் பீய்ச்சியது, உடனே சக்கரம் விட்டுக்கொடுத்தது. ஆக பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டவில்லை, ஆயில்தான் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளே நின்று அழுத்துகிறது. இன்னொரு தடவை சூடேற்றி வந்து, டியூப் கைப்பிடியில் சேருகிற மேல் இணைப்பைத் தளர்த்தினேன், அப்போதும் விட்டது. டியூபில் அடைப்பில்லை, கோளாறு அதற்கும் மேலே. மேலே என்ன இருக்கிறது, நீ போவதற்கு ஒரு வருடம் முன்னால் அழகுக்காக மாட்டிய சிவப்பு பிரேக் லிவர். பிடித்து ஆட்டினேன், இருக்க வேண்டிய ஆட்டம் கொஞ்சம்கூட இல்லை. மூன்றாம் தடவை சூடேற்றி லிவரை மட்டும் கழற்றினேன், வேறு எதையும் தொடவில்லை, சக்கரம் தானாகச் சுற்றியது. அதன் உள்மூக்கு ஓர் அரிசி அளவு நீளம் அதிகம், மகனே. கைப்பிடியில் இருக்கிற பிஸ்டனை எந்நேரமும் கொஞ்சம் அமுக்கியே வைத்திருக்கிறது, ஆயில் திரும்புகிற ஊசித்துளை திறப்பதே இல்லை. ஆயில் சூடாகச் சூடாகப் பெருத்துச் சக்கரத்தை இறுக்குகிறது. நீ கழற்றி எறிந்த பழைய கறுப்பு லிவர் பன்றிக் கொட்டில் கதவுக்குக் கொக்கியாகக் கிடந்தது. அதைக் கழுவி மாட்டினேன். டிஸ்க் இப்போது கை வைக்கிற சூடுதான், பத்து நாளாக ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை.

இதோடு விட்டிருப்பேன், தெரியாமல் மாட்டினான், சின்னப் பையன் புத்தி என்று. ஆனால் அந்த ஏர் திருகு இருக்கிறதே, நான் ஸ்பானர் வைப்பதற்கு முன்பே அதன் ஆறு முனையும் மழுங்கிப் போயிருந்தது. இடுக்கியால் திரும்பத் திரும்பத் திறந்தால்தான் அப்படி ஆகும். உன் வண்டியை வேறு ஒருவனையும் நீ தொட விட்டதில்லை. மைரேனியைக் கேட்டேன், சொன்னாள், அண்ணன் எப்பவும் பாக்கெட்ல இடுக்கி வெச்சிருப்பான் மம்மி, மேட்டுல நிறுத்தி ரெண்டு சொட்டு ஆயில் விட்டுட்டு ஓட்டுவான் என்று. உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அழகு போய்விடும் என்று லிவரை மாற்றாமல், சாவியை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினாய். தெரிந்தும் ஸ்பீக்கரில் என் விரலைக் காட்டிக் கொடுத்தாய். நான் செத்திருந்தாலும் பயத்தில் பிரேக் பிடித்துச் செத்தாள் என்றுதான் சொல்லியிருப்பாய். உன்னைப் பெற்ற வயிறு எரிகிறது.

என்னிடம் மன்னிப்புக் கேட்காதே, எனக்கு வேண்டாம். ஸ்டாண்டில் நானே சக்கரத்தைச் சுற்றிக் காட்டலாம், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கதை கட்டுகிறாள் என்றோ, மகன் மேல் பழி போடுகிறாள் என்றோ பப்பிட்டோ ஏதாவது ஒன்று சொல்வான். சொன்ன வாய்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை நாலு மணிக்கு வாரக்கூட்டம், எல்லோரும் இருப்பார்கள், உனக்கு அங்கே ராத்திரி ஒன்பதாகும், தூங்கிவிடாதே. டான் எலிஹியோவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொல். லிவரையும் சொல், இடுக்கியையும் சொல், அன்றைக்குப் பேசிய அதே சத்தத்தில்.

சிவப்பு லிவரைத் தூக்கி எறியவில்லை, கொட்டில் கதவுக்குக் கொக்கி வேண்டுமே, அங்கே மாட்டியிருக்கிறேன், பன்றிக்குப் பிடித்திருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிடு, காலுறையை மறக்காதே. கடவுள் உன்னை ஆசீர்வதிப்பார், அது அவர் வேலை, நான் குறுக்கே நிற்கவில்லை. என் ஆசி சனிக்கிழமை நாலு மணிக்குப் பிறகு. கூட்டத்தில் நானும் இருப்பேன், பழக்கத்தில் எடுத்ததும் ஆசி கேட்டுவிடாதே, இந்தத் தடவை எல்லோர் முன்னாலும் கொடுக்காமல் நிற்பேன்.

உன் தாய்,
டெயானிரா,
எண் பதினான்கு, சட்டை இன்னும் டான் எலிஹியோ கையில்.