உச்சி வெயில் ரேஸ்

மார்ச் 4

இரண்டாவது ரேஸ் வர்ணனையில் சிவப்புத் தொப்பியையும் ஆரஞ்சுத் தொப்பியையும் மாற்றிச் சொல்லியிருப்பேன். கடைசி நொடியில் நாக்கு தப்பித்தது. ஒரே முதலாளி இரண்டு குதிரை விட்டால் அவற்றை ஓட்டும் ஜாக்கிகளுக்குச் சட்டை ஒரே நிறம், தொப்பிதான் வேறு. காலையிலேயே கலர் பென்சிலால் தீட்டி மனப்பாடம் செய்திருக்க வேண்டும். சோம்பேறித்தனம்.

தம்பி இன்று ஓட்டவில்லை. ஜாக்கிக்கு விதித்த எடையைவிடக் கூடிவிட்டதாம். அதனால் சாப்பிடவும் இல்லை.

மார்ச் 9

கோட்டு கூட்டம் போட்டார். கிளப் செயலாளருக்கு ஜாக்கிகள் வைத்த பெயர் பொருத்தம்தான், எந்த வெயிலிலும் மனிதர் கோட்டைக் கழற்றுவதில்லை. எங்கள் ரேஸ் இனி குதிரைமேல் பணம் கட்டும் வெளிநாட்டுப் பந்தயக் கடைகளில் நேரடியாகத் தெரியப்போகிறது. அதற்கு முன்னோட்டமாக ஒரு படம், குரல் நான். தலைகால் புரியவில்லை எனக்கு.

மார்ச் 12

படத்துக்குக் குரல் கொடுத்தேன். படிக்கப் படிக்க எனக்கே சிலிர்த்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு ரேஸுக்காக ஒரு பெருநகரமே விடுமுறை விடுகிறது. ஜப்பானில் ஓய்வுபெற்ற குதிரையைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இங்கிலாந்தில் தலையிலிருக்கும் தொப்பியைக் காட்டவே ஒரு கூட்டம் வருகிறது. சுவிட்சர்லாந்தில் உறைந்த ஏரியின்மேல் ஓட்டம், அயர்லாந்தில் அலை வடிந்த கடற்கரையில். மங்கோலியாவில் வெட்டவெளியில் காத தூரம் ஓடுகிறார்கள், ஓட்டுவது பொடிப்பொடிப் பிள்ளைகள். அந்த வரியை மட்டும் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது.

எத்தனை நாடு, எத்தனை ஆசை! ஆனால் பெரியவனாக ஒருவன் மேலே உட்கார்ந்து ஓட்டுகிறானே, அவனைப் பற்றி ஒரு வரி? தேடிப் பார்த்தேன், இல்லை. எங்கள் மைக்கிலும் அதுதானே சட்டம். குதிரை பெயரைச் சொல்லலாம், ஓட்டுகிறவன் பெயர் வாயில் வரக்கூடாது.

மார்ச் 15

மாலை ரேஸ் இனி மதியமாம்! நேராகக் கோட்டு அறைக்குப் போனேன்.

"சார், அந்த வெயில்ல மனுஷன் நிக்கவே முடியாது. பசங்க எடைக்காக முந்தின நாள்லேருந்தே தண்ணி குடிக்காம வர்றாங்க."

"அந்த நேரத்துலதாம்மா அங்க கடைங்கள்ல வேற ரேஸ் இல்ல. காலியா இருந்துச்சு, நமக்குக் கிடைச்சுது. குதிரைங்களுக்கு ஐஸ் தண்ணி ஊத்த ஏற்பாடு பண்ணியாச்சு."

"ஜாக்கிக்கு?"

"அவங்களுக்கு என்ன, நாலு நிமிஷ வேலைதானே."

ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு! அதுவும் கோட்டோடு! எவனோ ஒருவன் எங்கோ காலைக் காப்பி குடித்துக்கொண்டே பார்க்கவேண்டும், அதற்கு இவர்கள் இங்கே வேகவேண்டும். குளிரூட்டுகிற பெட்டிக்குப் பொறந்தவனா இந்த ஆளு?

மார்ச் 16

எவனும் என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்பி உட்பட.

மார்ச் 21

குளியலறைக் கதவைத் தள்ளினால் ஒரே ஆவி. கொதிக்கக் கொதிக்க வெந்நீர், அதில் பிளாஸ்டிக் சட்டையோடு தம்பி. வியர்வையில் எடையை இறக்குகிறானாம். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டான்.

"குடிச்சா நாளைக்கு ஏற முடியாதுக்கா. என் இடத்துக்கு ஆள் வரிசையில நிக்குது."

"செத்துப்போவடா சுண்டு."

"செத்தாலும் எடை குறையும்ல?"

சிரிக்கிறான்! டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தேன். டம்ளர் நசுங்கியதுதான் மிச்சம்.

மார்ச் 22

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது.

கடைசி வளைவு வரை சரியாகத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். நீலச் சட்டை, வெள்ளைத் தொப்பி, மூன்றாவது இடம் — சுண்டு. பைனாகுலரில் பார்க்கிறேன், கடிவாளத்திலிருந்து ஒரு கை நழுவுகிறது. யாரும் இடிக்கவில்லை. குதிரை இடறவில்லை. தூக்கத்தில் சாய்கிறவன் போல அப்படியே சாய்ந்தான். பின்னால் குதிரைகள்...

ஓட்டம் முடியும்வரை ஒரு வார்த்தை வரவில்லை. காதில் மாட்டிய ஹெட்போனில் கோட்டு கத்துகிறார்: "பேசும்மா! வெளிநாட்டுக்கு எல்லாம் சத்தமே போகல! பேசு!"

என் தம்பி அங்க கிடக்கிறான்யா. என்னத்தப் பேசச் சொல்ற?

மார்ச் 23

தோள் எலும்பு, விலா எலும்பு. பிழைத்துவிட்டான்.

"உடம்புல தண்ணியே இல்லையேம்மா, யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?" என்று டாக்டர் என்னைத் திட்டுகிறார். திட்டட்டும்.

கிளப் அலுவலகப் பெண் பார்க்க வந்தாள். நேற்று வெளிநாட்டுக் கடைகளிலிருந்து போன்மேல் போனாம். "விழுந்தவர் எப்படி இருக்கார்னு கேட்டாங்களா?" என்றேன். எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்களாம்: மூன்றாவதாக வந்தது எந்தக் குதிரை?

மார்ச் 29

இன்றும் அதே மதியம். வேறு ஆள் கிடைக்காததால் மைக் என்னிடமே. எடை அறையிலிருந்தே நேரடிக் காட்சி தொடங்கும், நானும் மைக்கோடு அங்கேதான். ஜாக்கிகள் சேணத்தோடு தராசில் ஏறுவதையும் உலகம் ரசிக்கிறதாம்.

ஜாக்கிகள் வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் பெரிய தண்ணீர் பாட்டில். தராசுக்கு முன்னால் வரிசையாக நின்று, மூடியைத் திருகி, அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தார்கள். நேற்று ஆஸ்பத்திரியில் தம்பி கட்டிலைச் சுற்றி நின்று குசுகுசுத்தது இதைத்தானா! கூடுதல் எடையோடு எவரும் குதிரை ஏற முடியாது. கோட்டு முகத்தில் ஈயாடவில்லை.

"விளம்பரம் வரைக்கும் ஏதாவது பேசிச் சமாளிம்மா!" என்று காதில் அவர் குரல்.

ஜாக்கிகளின் செல்லப்பெயர்களைச் சொல்லியே பேசினேன். "முதலிடத்தில் நெட்டை. ஒட்டிக்கொண்டே சுருட்டை. பாதி பாட்டில் தாண்டியாயிற்று! வெளிப்பக்கமாக முந்துகிறார் மாமா, மாமா, மாமாவே முதல்!" கேமராவை அவசரமாக வெளியே திருப்பிவிட்டார்கள், அத்தனை நாட்டுத் திரைகளிலும் காலித் திடல். எல்லாக் கடையிலும் என் குரல், மனிதர்களின் பெயரோடு.

மார்ச் 30

வேலை போயிற்று. வருத்தமில்லை, எரிச்சல்தான். கலர் பென்சில் பெட்டியைக்கூட எடுக்க விடவில்லை பாவிகள்.

ஏப்ரல் 18

அந்தக் கடைகள் எங்களை விட்டுவிட்டன. ரேஸ் மறுபடி மாலைக்கு வந்துவிட்டது. சுருட்டை இனிப்போடு வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அந்த மதிய நேரத்தை யாருக்குக் கொடுத்தார்கள் என்று விசாரித்தேன். வேறொரு நாட்டு மைதானத்துக்காம். அங்கேயும் அது உச்சி வெயில்தான். கையிலெடுத்த இனிப்பைத் திரும்ப டப்பாவிலேயே வைத்தேன். அங்கே எவள் தம்பியோ.

ஜூன் 7

சுண்டு மறுபடி ஏறினான். நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு வேலியோரம் நின்றேன்.

புது வர்ணனையாளர் முதல் வளைவிலேயே தொப்பிகளைக் குழப்பினார். "அது சிவப்புடா, கண்ணு தெரியலையா?" என்று என்னையறியாமல் கத்தினேன். பிறகு நிறுத்த முடியவில்லை. நெட்டை முன்னால், உள்பக்கம் மாமா, நடுவில் சுண்டு என்று நானே சொல்லிக்கொண்டு போனேன். பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஒலிபெருக்கியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். "சுண்டுங்கிறது எது?" என்று ஒருவர் கேட்டார். "நீலச் சட்டை. என் தம்பி" என்றேன்.

நான்காவதாக வந்தான். எடை அறையிலிருந்து வெளியே வந்ததும் வேலிக்கு மேலே கையை நீட்டித் தண்ணீர் கேட்டான்.