செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு பதில்

மதுக்கரை
22.8.94

அன்புள்ள அம்மாவுக்குப் பிரியா எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. முடியவில்லை. வயிற்றுப்போக்கும் ரத்தமும் இன்னும் நிற்கவில்லை. கல்யாண ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவுகிறது. அவிநாசி வரைக்கும் பஸ்ஸில் உட்கார என்னால் ஆகாது, அதனால்தான் கடிதம்.

ஆர்.எஸ்.புரத்து டாக்டர் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார். உள்ளே புண். "ரெண்டுல ஒண்ணுங்க அம்மணி" என்றார். டிபி கிருமி குடலில் உட்கார்ந்திருக்கலாம், உடம்பு அதோடு சண்டை போடுகிறது. இல்லையென்றால், கிருமியே இல்லாமல் உடம்பு தன் குடலையே தாக்குகிறது. காவலுக்கு வைத்த நாய் வீட்டு ஆளையே கடிக்கிற மாதிரியாம். நாயை அடக்க மாத்திரை இருக்கிறது. ஆனால் உள்ளே திருடன் இருக்கும்போது நாயைக் கட்டிப்போட்டால், கிருமி உடம்பெல்லாம் பரவி உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்கிறார். குடலில் எடுத்த சதையைச் சோதித்தும் எது என்று தெரியவில்லை.

"உங்க ஊட்டுல ஆருக்காச்சும் டிபி இருந்துச்சுங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். சரிதானே அம்மா?

உன் மகள்
சண்முகப்பிரியா

---

அவிநாசி
25.8.94

கண்ணு பிரியாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கச்சி இளவேனில் எழுதுவது.

உன்ற கடுதாசியைப் பாப்பா படிச்சுக் காட்டுனதுல இருந்து எனக்குச் சோறு எறங்கலை. நம்ம ஊட்டுல ஆருக்கும் அந்தச் சீக்கு இல்லை சாமி. எல்லாம் சூடுதான். வெந்தயத்தை மோருல ஊறவெச்சுக் குடி.

வர்ற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி பாப்பாவைப் பொண்ணு பார்க்க வாராங்க. இந்த நேரம் பார்த்து டாக்டருகிட்ட எதையாச்சும் சொல்லிப்போடாதே. ஒருத்தர் காதுல விழுந்தா ஊரெல்லாம் போயிரும். பாப்பா வேற மில்லுப் பஞ்சுல இருமிக்கிட்டுக் கெடக்குறா. அது அவங்க வர்றதுக்குள்ள நிக்கோணும்.

மாசாணியம்மாள்

---

மதுக்கரை
29.8.94

அம்மா,

பயமாக இருக்கிறது. வர்ற ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அந்த அடக்குகிற மாத்திரையை ஆரம்பிக்கிறார்கள்.

டிபி மாத்திரை சாப்பிட்டால் ஒன்றுக்குச் சிவப்பாகப் போகும், பயப்படாதீங்க என்று நர்ஸ் இன்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா செத்துப்போன வருஷம் வேலியோரம் அப்படித்தான் போவார். ரத்தம் என்று நான் அழுதேன். மஞ்சக்காமாலை என்று நீ சொன்னாய். அப்பாவின் தட்டும் டம்ளரும் ஏன் கோழிக்கூண்டு மேல் தனியாக இருந்தன? என்னை ஏன் கிட்டவே சேர்க்க மாட்டார்? என் மேல் கோபம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஆமா, இல்லை, ஏதாவது ஒரு வார்த்தை போதும். உங்கள் மாப்பிள்ளையிடம்கூட இதைச் சொல்லவில்லை. இல்லை என்று நீ எழுதினால், அதை நம்பித்தான் மாத்திரையை முழுங்குவேன்.

பிரியா

---

அவிநாசி
1.9.94

கண்ணு பிரியா,

உங்கப்பனுக்கு மஞ்சக்காமாலைதான். வேற ஒண்ணும் இல்லை. பயப்படாம மாத்திரையைத் தின்னு. ஆத்தா பார்த்துக்குவா.

மாசாணியம்மாள்

அக்கா,

மேலே இருப்பது அம்மா சொன்னது. சொன்னபடியே எழுதிப் படித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதது. "உங்கப்பனுக்கு அதேதான் பாப்பா. நாளைக்கு அவங்க வாராங்களே, நான் என்ன பண்ணட்டும்" என்றது. எழுதிப்போடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

ஆமா அக்கா. டாக்டரிடம் ஆமா என்று சொல். அந்த மாத்திரையைத் தொடாதே.

நாளைக்கு அவர்கள் வந்துவிட்டுப் போகட்டும். சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு நான் அங்கே வாரேன். உன்னைப் பார்த்துவிட்டு வரத்தான் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

என் இருமல் பஞ்சினால் வந்தது இல்லை அக்கா. சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்கிறது. இளைத்தது தெரியக்கூடாது என்று நாளைக்கு ரெண்டு ரவிக்கை போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறது அம்மா. எனக்கும் பயமாக இருக்கிறது.

டாக்டரிடம் என் பேரையும் சொல்லிவை.

இளவேனில்